பெரியப்பா தோட்டத்துக்கு ஒரு புள்ளி

குழு: நம்ம சொந்தபந்தம் (சேலம் குகை, ஏற்காடு, ஆத்தூர்)

பெரியப்பா ஏற்காடு: மது கண்ணு, இருக்கியா? காபி வாங்கற ஏவாரி தோட்டம் எங்க இருக்குன்னு செல்போன்ல குறிச்சு அனுப்பச் சொல்றான். ஐரோப்பாக்காரன் கேக்கறானாம். எங்கப்பா காலத்துத் தோட்டம் இது. அது எங்க இருந்தா அவனுக்கென்ன?

மது: இருக்கேன் பெரியப்பா. நிலத்துக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல ஒரு சட்டம் போட்டுருக்காங்க. காபி, கோகோ, ரப்பர், பாமாயில் எல்லாம் அங்க விக்கணும்னா, 2020 டிசம்பர் 31க்கு அப்பறம் காடு அழிச்ச நிலத்துல விளைஞ்சதா இருக்கக் கூடாது. எந்த நிலத்துல விளைஞ்சதுன்னு காட்டச் சொல்லித்தான் கேக்கறாங்க.

பெரியப்பா ஏற்காடு: நானா காடு அழிச்சேன்? சில்வர் ஓக்கும் பலாவும் நிக்குது, மிளகுக் கொடி ஏறி இருக்குது. நிழலைக் கழிச்சா வெயில் தண்டுல படும், தண்டு துளைப்பான் வந்து முட்டை வெக்கும். செடியே போயிரும். இது எனக்குத் தெரியாதா?

மது: உங்களுக்குத் தெரியும் பெரியப்பா. பிரேசில்ல பெரும்பாலும் வெட்டவெளியில வளக்கறாங்க, நம்மளது நிழல் காபி. இந்தச் சட்டத்துல நம்ம பக்கம் இருக்கற பலமே அதுதான். இத்தாலி, ஜெர்மனி, பெல்ஜியம்னு நம்ம நாட்டுக் காபி நெறைய அங்கதான் போகுது. சந்தையை விட்டுரக் கூடாது.

ஆத்தூர் சித்தப்பா: அதுக்குத் தோட்டத்தச் சுத்தி அளக்கணுமாம்மா? அண்ணன் முட்டி வலியோட அந்தச் சரிவுல எங்க இறங்குவாரு?

பெரியப்பா ஏற்காடு: சர்வேயர் வெச்சு அளக்கணுமாம். செலவை மூட்டைக்கு இவ்வளவுன்னு கழிச்சுக்கறேன்னு சொல்றான்.

மது: கழிக்க விடாதீங்க! 4 ஹெக்டேருக்கு மேல இருந்தாத்தான் எல்லை முழுக்கக் குறிக்கணும். உங்களது 6 ஏக்கர், 2.4 ஹெக்டேர்தான் வருது. தோட்டத்துக்குள்ள நின்னு ஒரே ஒரு புள்ளி எடுத்தாப் போதும். சர்வேயரே தேவையில்ல.

பெரியப்பா ஏற்காடு: ஒரு புள்ளியா?

மது: ஒண்ணே ஒண்ணு.

குகை அத்தை: அண்ணா, அந்த ஏவாரிகிட்ட இத அப்படியே காட்டுங்க. சின்ன ஆளுங்களுக்குத் தெரியாதுன்னுதானே இப்படிச் சொல்றாங்க.

பெரியப்பா ஏற்காடு: வயிறு எரியுது பாப்பா. 2024ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப பழம் பறிக்கற நேரம். மலைப்பாதையில மண் சரிஞ்சு வண்டியே போகல. செடியில இருந்த பழம் வெடிச்சுக் கொட்டுச்சு, களத்துல காஞ்சுட்டு இருந்தது பூஞ்சணம் புடிச்சுது. ரெண்டே மாசம், 2025 பிப்ரவரியில அராபிகா விலை உலகத்துலயே இல்லாத உச்சத்துக்குப் போச்சு. பிரேசில்ல வறட்சியாம். விலை வந்தப்ப எங்கிட்ட சரக்கு இல்ல.

குகை அத்தை: அன்னிக்கு ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. பேஞ்சுதே. மறக்க முடியுமா.

பெரியப்பா ஏற்காடு: இப்போ பூமழைக்குக் காத்துட்டு இருக்கேன். பங்குனி பாதி போச்சு. மொட்டு அப்படியே கெடக்குது.

குகை அத்தை: இங்க தறி ஷெட்டுல நிக்க முடியல. ஆஸ்பெஸ்டாஸ் அட்டைக் கூரை. மத்தியானம் 1 மணிக்கு மேல பாவு நூல் காஞ்சு காஞ்சு அறுவுது. எங்க மாமனார் காலத்துக் குழித்தறியில மண்ணுல ஈரம் நிக்கும், நூல் பதமா இருக்கும். இப்போ அறுந்த நூலை முடிச்சுப் போடவே பாதி நாள் போயிருது. நேத்து எங்க தறியில ஒரு பொண்ணு மயங்கி உக்காந்துட்டா.

அண்ணன்: அத்தை, இந்த வாரமே கூரைக்கு மேல வெள்ளை அடிச்சுருங்க. நான் அகமதாபாத்துல மில்லுல வேலை பாத்தப்ப கண்ணால பாத்தது. சுண்ணாம்புதான். உள்ள 2லிருந்து 5 டிகிரி வரைக்கும் கொறையும்.

குகை அத்தை: நெசமாவா?

அண்ணன்: ஆமாங்கத்தை. 2010 மே மாசம் அந்த ஊர்ல வெயில்ல வழக்கத்தை விட 1,344 பேர் கூட செத்துட்டாங்க. அதுக்கப்பறம் 2013ல மாநகராட்சியே வெயிலுக்குன்னு திட்டம் போட்டுச்சு. எந்த அளவு சூட்டுக்கு என்ன கலர் எச்சரிக்கை, யாருக்கு மொதல்ல சொல்லணும்னு எல்லாம் முன்கூட்டியே எழுதி வெச்சாங்க. ஒரு ஆஸ்பத்திரியில பச்சக் குழந்தைங்க வார்டு மொட்டை மாடிக்கு நேர் கீழ இருந்துச்சு. அதக் கீழ்த்தளத்துக்கு மாத்துனாங்க. அதுக்கு என்ன பெரிய செலவு? குழந்தைங்க பொழச்சுது.

மது: நம்ம அரசும் 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுருக்கு அத்தை. வெயில்ல உயிர் போனா குடும்பத்துக்கு 4 லட்சம். ஆனா போன உயிருக்கு அப்பறம் வர்ற காசு அது. குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரா பக்கம், உழைக்கற பெண்களோட சங்கமான சேவா அமைப்புல இருக்கறவங்களுக்கு ஒரு காப்பீடு இருக்கு, 2024ல வெயில் 40 டிகிரி தாண்டுனதும் சுமார் 50,000 பேருக்குப் பணம் போச்சு. வேலைக்குப் போகாம நிழல்ல உக்காரலாம்ல. காப்பீட்டுக் கம்பெனிக்கும் அது தொழில்தான். நம்ம தறிக்காரப் பொண்ணுங்களுக்கு அப்படி ஒண்ணு வேணும்னு சங்கத்துல கேளுங்க.

குகை அத்தை: கேக்கறேன். கண்டிப்பாக் கேக்கறேன்.

ஆத்தூர் சித்தப்பா: நான் ஒண்ணு சொல்றேன். ஜவ்வரிசி ஆலைக் கழிவுத் தண்ணிய முன்னெல்லாம் குட்டையில விட்டோம். ஊரே நாறும், நம்மளத் திட்டாத ஆள் இல்ல. இப்போ மேல மூடி போட்டு அந்த கேஸைப் புடிச்சு ஜெனரேட்டர் ஓட்டறோம். கரண்டு பில்லு கணிசமாக் கொறஞ்சுது. காத்துல போயிருந்தா அந்த மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட 25 மடங்குக்கு மேல சூடாக்குமாமே, மது?

மது: ஆமாங்க சித்தப்பா. நூறு வருஷக் கணக்குல அப்படித்தான்.

ஆத்தூர் சித்தப்பா: மரவள்ளிக்கு மாவுப்பூச்சி வந்தப்பவும் தவிச்சுப் போனோம். காஞ்ச வெயில்ல தோட்டம் தோட்டமாப் பரவுச்சு. 2022ல ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல அந்தப் பூச்சியக் கொல்ற குட்டிக் குளவிய ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டாந்து விட்டாங்க. நம்மாள ஒத்தையா அது முடியுமா? ஆராய்ச்சிக்காரங்க வந்ததால பொழச்சோம்.

பெரியப்பா ஏற்காடு: உனக்கு ஆலை இருக்குது, கடன் கெடைக்கும். எனக்கு?

மது: நீங்க கேக்கறது நியாயம் பெரியப்பா. என் வேலையே இதுதான், பெங்களூர்ல உக்காந்து கம்பெனிக்கு இந்தக் கணக்கு எழுதறேன். 2022-23லிருந்து பங்குச்சந்தையில இருக்கற நாட்டோட முதல் 1,000 கம்பெனிகளும் சுற்றுச்சூழல் கணக்கு குடுத்தே ஆகணும்னு, பங்குச்சந்தையக் கண்காணிக்கற செபி சொல்லிருச்சு. ஐரோப்பாவுக்குப் போற இரும்புக்கு, செய்யறப்ப வெளிய விட்ட கார்பனுக்குன்னு 2026லிருந்து அங்க வாங்கறவங்க கட்டணம் கட்டணும். கேள்வி மேல இருந்து ஒவ்வொரு கையா மாறி உங்க வாசலுக்கு வந்துருது. கேள்வி வர்ற வழியில காசு மட்டும் வர மாட்டேங்குது. நிழல் மரத்தைக் காப்பாத்தற உங்களுக்குக் கூடுதல் விலை கேக்கணும். தனியாக் கேட்டா நடக்காது. பக்கத்துல இருக்கற சின்னத் தோட்டக்காரங்க எத்தனை பேரு?

பெரியப்பா ஏற்காடு: எங்க கிராமத்துல மட்டும் பத்துப் பதினஞ்சு பேரு இருப்போம்.

மது: எல்லாருக்கும் நானே புள்ளி எடுத்துத் தர்றேன். ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பறம் எல்லாருமாச் சேந்து காபி போர்டு ஆபீசுக்குப் போலாம், ஏவாரிகிட்டயும் போலாம்.

அண்ணன்: அன்னிக்கே அத்தை ஷெட்டுக்கும் வெள்ளை அடிச்சுரலாம், நான் ஆள் கூட்டிட்டு வர்றேன். அத்தை, அட்டையக் காஞ்சபடி சுரண்டாதீங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. தண்ணி தெளிச்சு நனைச்சுட்டுத் தொடைங்க.

குகை அத்தை: சரி சாமி. சுண்ணாம்பு நாளைக்கே வாங்கி ஊற வெக்கறேன்.

பெரியப்பா ஏற்காடு: மது, அந்தப் பெரிய பலா கிட்ட நின்னு எடுத்தா சரியா? எங்கப்பா வெச்சது.

மது: அது சரியான இடம் பெரியப்பா. அட்சரேகை, தீர்க்கரேகை எண்ல தசமப் புள்ளிக்கு அப்பறம் ஆறு இலக்கம் வரணும், இடம் துல்லியமா விழறதுக்குக் கொஞ்சம் வானம் தெரியற மாதிரி நிக்கணும்.

பெரியப்பா ஏற்காடு: ஞாயித்துக்கிழமை காலையில 7 மணி பஸ்ஸுக்கு வந்துரு கண்ணு. பனி விலகறதுக்குள்ள மத்தவங்களையும் வரச் சொல்லி வெக்கறேன்.