மிளகாய்த்தூளின் சிவப்பு ஏன் வெளிறுகிறது?

கேள்வி:
சித்திரையில் காயவைத்த மிளகாய் வற்றலை மில்லில் அரைத்து, பாதியைச் சமையலறைச் சன்னலோரம் கண்ணாடிப் பாட்டிலிலும், மீதியை எவர்சில்வர் டப்பாவிலும் வைத்திருந்தேன். ஆடி பிறப்பதற்குள் பாட்டிலில் சன்னலைப் பார்த்த பக்கம் செங்கல் நிறத்துக்கு வெளிறிவிட்டது. கரண்டியால் கிளறினால் உள்ளே சிவப்பு இருக்கிறது. டப்பாவில் இருந்ததும் சற்று மங்கியிருக்கிறது. அரைக்காமல் வைத்த வற்றலோ அப்படியே இருக்கிறது. காரம் எதிலும் குறையவில்லை. வெளிச்சம்தான் காரணம் என்றால், இருட்டில் இருந்த டப்பா ஏன் மங்கியது?

மறுமொழி:
வெளிச்சம் ஒரு காரணம்தான். உண்மையில் நிறத்தைத் தின்பது ஆக்சிஜன். மிளகாயின் சிவப்புக்குக் காரணமான கேப்சாந்தின், கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் போலவே 40 கார்பன் அணுக்கள் கொண்ட கரோட்டினாய்டு என்ற நிறமி வகை. இவற்றின் நீண்ட சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதால்தான் அவை நீல ஒளியை உறிஞ்சி, நம் கண்ணுக்குச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ தெரிகின்றன. அதே இரட்டைப் பிணைப்புகள்தான் ஆக்சிஜனுக்கும் எளிதில் இடம் கொடுக்கின்றன. சங்கிலி ஓரிடத்தில் அறுந்தாலோ, இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன் அணு ஒட்டி எபாக்சைடாக மாறினாலோ அந்தத் தொடர்ச்சி குலைகிறது. நிறமும் வெளிறிக்கொண்டே போய்க் கடைசியில் இல்லாமலாகிறது.

இருட்டில் இது நடப்பதற்கு விதையிலுள்ள எண்ணெயும் துணைபோகிறது. அரைக்கும்போது விதை நொறுங்கி எண்ணெய் தூளெங்கும் பரவுகிறது; அந்த எண்ணெய் காற்றுப்பட்டுக் காறத் தொடங்கும்போது உண்டாகும் பெராக்சைடுகள் (ஆக்சிஜன் ஏறிய, எளிதில் உடையும் சேர்மங்கள்) கரோட்டினாய்டையும் தாக்குகின்றன. முழு வற்றலில் தோல் காப்பாக இருக்கிறது. தூளிலோ காற்றுப்படும் பரப்பு பல மடங்கு. மில்லில் ஏறும் சூடும் சேர்ந்துகொள்கிறது. காரத்தைத் தரும் கேப்சைசின் கரோட்டினாய்டே அல்ல, நிறத்தோடு அது போவதில்லை என்பதால், நிறம் போன தூளை ருசி பார்க்காமல் குழம்பில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு மறுமொழி:
மேலே சொன்னதோடு ஒன்று. நிறமியே ஒளியை உறிஞ்சுவதால் அதன் சங்கிலி நேரான வடிவிலிருந்து (டிரான்ஸ்) வளைந்த வடிவுக்கு (சிஸ்) மாறுவதும் உண்டு. அதனால் நிறம் சிறிதுதான் குறையும். சன்னலோரம் உங்கள் தூள் வெளிறியது ஒளியும் ஆக்சிஜனும் கூடித் தாக்கியதால்தான். வாசனைப்பொருள் வணிகத்தில் மிளகாயின் நிறத்தை, அசிட்டோனில் கரைத்து 460 நானோமீட்டர் நீல ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தே மதிப்பிடுகிறார்கள். அந்த நீலத்தைத் தடுக்கும் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், வெள்ளைப் பாட்டிலைவிட நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கரோட்டினாய்டுகள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை என்றுதானே படிக்கிறோம்? தடுக்கிற பொருளே எப்படி அழிகிறது?

முதலில் மறுமொழி எழுதியவர்:
தடுக்கும் வழி இரண்டு. ஒளியால் கிளர்ந்து எளிதில் வினைபுரியும் ஆக்சிஜனின் (ஒற்றை நிலை ஆக்சிஜன்) ஆற்றலைக் கரோட்டினாய்டு வாங்கி வெப்பமாக வெளிவிட்டால் அதற்குச் சேதமில்லை. அதே மூலக்கூறு மறுபடியும் அந்த வேலையைச் செய்யும். இலைகளில் குளோரோபில்லுக்குப் பக்கத்திலிருந்து இப்படித்தான் காவல் காக்கிறது. பெராக்சைடு உடைந்து வரும் தனியுறுப்புகளை (இணையில்லா எலக்ட்ரானோடு சட்டென வினைபுரியும் துணுக்குகளை) தடுக்கும்போது அப்படியில்லை; அவற்றோடு தானே வினைபுரிந்து செலவாகிவிடுகிறது. உயிருள்ள இலை புதிதாகச் செய்துகொள்ளும், டப்பாவிலுள்ள தூளால் முடியாது. பழைய கேரட் தூளில் லேசான பூமணம் வருவதைக் கவனித்திருந்தால், அது பீட்டா கரோட்டின் அறுந்து உண்டான பீட்டா அயனோனின் மணம்.

மற்றொருவர்:
மஞ்சள்தூளையும் இதே கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் கரோட்டினாய்டு அல்ல, ஆனாலும் வெயிலில் வேகமாக வெளிறும். மஞ்சள் நனைத்த துணியைக் கொடியில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வைக்கும் முறையைப் பொறுத்தவரை, வற்றலாகவே வைத்து, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பதே சிறந்தது. டப்பாவில் விளிம்பு வரை அமுக்கி நிரப்பினால் உள்ளே காற்று குறையும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வினை மெதுவாகும். ஆனால் வெளியே எடுத்தவுடன் திறந்தால் குளிர்ந்த தூளின்மேல் ஈரம் படியும், ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கவும்.