கசகசா இல்லாத குருமாப் பொடி

குழு: மணச்சநல்லூர் சொந்தங்கள்

செவ்வாய்

செல்வி அத்தை, காலை 6:48
[படம்: கட்டில் முழுக்கப் பொட்டலங்கள்]
பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். குருமாப் பொடி, சாம்பார் பொடி, மாவடு, நார்த்தங்காய், முறுக்கு, கொப்பரை ஆறு, உப்புக்கண்டம் அரைக் கிலோ. தேன்மொழிக்கு வேறு என்ன வேண்டும்? விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை சிங்கப்பூருக்கு விமானம்.

பெரியப்பா, 6:50
வீடு ஒன்றுதான் பாக்கி. அதையும் மடித்து வைத்துவிடு.

குமார் அண்ணன், 7:05
அத்தை, கொஞ்சம் நிறுத்துங்கள். குருமாப் பொடியில் கசகசா போட்டீர்களா?

செல்வி அத்தை, 7:06
கசகசா இல்லாமல் குருமாவா? தாராளமாகப் போட்டு வறுத்து அரைத்திருக்கிறேன். அது விற்கிற விலைக்கு மாமாவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

குமார் அண்ணன், 7:11
அந்தப் பொடியை எடுத்து வைத்துவிடுங்கள். கசகசா அபினிச் செடியின் விதை. மார்ஃபின் ஒட்டியிருக்கலாம் என்பதால் சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். துபாயிலும் இதே கதைதான். நமக்கு அது குருமா, அவர்களுக்கு அது வேறு.

செல்வி அத்தை, 7:12
அட முருகா. ஒரு கிலோவையுமா?

தேன்மொழி, 7:20
அம்மா, எனக்காகத்தான் அரைத்தாய் என்று தெரியும். ஆனால் குமார் அத்தான் சொல்வது சரி. முந்திரி போட்டு அரைத்துக் கொண்டு வா. உப்புக்கண்டமும் வேண்டாம். இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுவர இங்கே அனுமதி இல்லை, காய வைத்ததும் அதில் சேர்த்திதான்.

பெரியப்பா, 7:22
உப்புக்கண்டத்தைப் பற்றி மனம் கலங்க வேண்டாம். நான் இருக்கிறேன்.

குமார் அண்ணன், 7:31
கொப்பரையையும் எடுத்துவிடுங்கள். அது சிங்கப்பூர் வரைக்கும் போகாது, திருச்சியிலேயே நிறுத்திவிடுவார்கள். எண்ணெய்ப் பசை இருப்பதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்ற பட்டியலில் இருக்கிறது. முறுக்கு, சாம்பார் பொடி தாராளமாகப் போகலாம். மாவடு கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மூன்று பிளாஸ்டிக் பைக்குள் வையுங்கள். நான் 2011இல் முதல்முறை போனபோது ஒரே பைதான் போட்டேன். பெட்டியைத் திறந்தால் நாலு சட்டையும் ஆவக்காய் நிறம். இரண்டு மாதம் தங்குமிடத்தில் எனக்கு ஊறுகாய்க் குமார் என்றுதான் பெயர்.

நான், 7:33
அண்ணா, இத்தனை வருடம் இதைச் சொல்லவே இல்லையே!

ராஜு மாமா, 9:15
என் வெற்றிலைப் பெட்டிக்கு ஒன்றும் தடை இல்லையே?

குமார் அண்ணன், 9:40
மாமா, வெற்றிலையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அங்கே தேக்கா சந்தையில் கவுளி கவுளியாக விற்கிறார்கள். ஆனால் புகையிலை கூடாது. மெல்லுகிற புகையிலைக்கே அங்கே தடை. சிகரெட் ஒரே பாக்கெட் என்றாலும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்க் காட்டி வரி கட்ட வேண்டும். சூயிங் கம் 1992இலிருந்து கிடையாது. அப்புறம், போட்ட வெற்றிலையைத் தெருவில் துப்பினால் அபராதம்.

ராஜு மாமா, 9:41
விழுங்கிவிட வேண்டியதுதான்.

செல்வி அத்தை, 9:44
கடவுளாகப் பார்த்துக் கொடுத்த வாய்ப்பு. பத்து நாளாவது அந்தக் கருமத்தை விடட்டும்.

புதன்

தேன்மொழி, மதியம் 1:10
அப்பா, அம்மா, சிங்கப்பூர் வருகை அட்டையை நாளைக்கு இணையத்தில் நானே நிரப்பிவிடுகிறேன். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும், அதனால் வியாழக்கிழமைதான் திறக்கும். பாஸ்போர்ட் முதல் பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போடாதீர்கள்.

செல்வி அத்தை, 1:14
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தேன்மொழி, 1:15
அம்மா!!

செல்வி அத்தை, 1:16
கை தவறிவிட்டது. நம் ஆட்கள்தானே பார்த்தார்கள்.

அம்மா, 1:30
அதற்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும் தேன்மொழி? கடைத்தெருவில் ஒருவர் ஆளுக்கு 1,500 என்று சொன்னாராம்.

தேன்மொழி, 1:34
ஒரு பைசா கிடையாது அத்தை. குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இலவசம். கூகுளில் தேடினால் அதே மாதிரி வேடம் போட்டுப் பணம் பிடுங்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும். விசா ஏற்கெனவே வந்துவிட்டது, அதை மட்டும் இரண்டு நகல் எடுத்துக் கைப்பையில் வையுங்கள். திரும்பும் டிக்கெட்டும் என் வீட்டு முகவரியும் தாளில் இருக்கட்டும். கைப்பேசி எந்த நேரத்தில் சார்ஜ் இல்லாமல் படுக்கும் என்று சொல்ல முடியாது. பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகக்கூடாது, கையில்தான்.

குமார் அண்ணன், 1:50
மாமாவின் மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டு போங்கள். டப்பாவில் கொட்டிக் கலந்து வைக்காதீர்கள். சுகர், பிரஷர் மாத்திரைக்குப் பிரச்சினை இல்லை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தால் இப்போதே சொல்லுங்கள், சிலவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

ராஜு மாமா, 1:52
எனக்குத் தூங்க மாத்திரையா? உன் அத்தையைக் கேள்.

செல்வி அத்தை, மாலை 5:20
இன்னொன்று கேட்க வேண்டும். மேலத் தெரு அக்கா, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் தந்திருக்கிறார்கள். துணியில் வைத்துத் தைத்திருக்கிறது. சின்னதுதான்.

குமார் அண்ணன், 5:21
திறந்து பார்த்தீர்களா?

செல்வி அத்தை, 5:23
எப்படி அப்பா திறப்பது? முப்பது வருடப் பழக்கம்.

குமார் அண்ணன், 5:29
அத்தை, மற்றதெல்லாம் விளையாட்டாகச் சொன்னேன், இது அப்படி இல்லை. அந்த ஊரில் போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்கு உண்டு. உங்கள் பெட்டியில் இருப்பது உங்களுடையது. அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களிடம் யார் கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செல்வி அத்தை, 5:31
மூஞ்சியில் அடித்த மாதிரி இருக்காதா?

அம்மா, 5:36
செல்வி, இப்படிக் கேள். "விமான நிலையத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார்களாம், நான் என்ன சொல்லட்டும் அக்கா?" அவர்களே பிரித்துக் காட்டுவார்கள்.

செல்வி அத்தை, இரவு 8:02
காட்டினார்கள். இரண்டு கைலி, சமயபுரம் திருநீறு, ஒரு டப்பா தைலம். அழுதுவிட்டார்கள் பாவம், மகனைப் பார்த்து இரண்டு வருடம் ஆயிற்றாம். நானே கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

வெள்ளி

தேன்மொழி, காலை 10:05
அம்மா, தாலிச் சங்கிலி தவிர நகை எதுவும் வேண்டாம். போட்டே தீருவேன் என்றால் திருச்சியிலேயே சுங்கத்தில் காட்டி, கொண்டு போகிறேன் என்று சான்றிதழ் வாங்கிக்கொள். இல்லாவிட்டால் திரும்பும்போது இங்கே வாங்கியதா என்று கேட்பார்கள்.

நான், 10:20
அத்தை, அங்கே கரண்ட் 230 வோல்ட்தான், ஆனால் பிளக் மூன்றும் தட்டையான முள். குளியலறைக்கு நம் வாளி, குவளையும் கேட்டு வையுங்கள்.

தேன்மொழி, 10:24
வாளி வாங்கிவிட்டேன். ரயிலில் சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடித்தாலும் தப்புதான், அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும். அப்பாவிடம் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிடாதே. பேருந்தில் ஏறும்போது மட்டும் அல்ல, இறங்கும்போதும் பயண அட்டையைத் தட்ட வேண்டும். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது குப்பை இல்லை, யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள்.

பெரியப்பா, 10:30
நாம் பேருந்தில் துண்டு போடுகிறோமே, அதே ஜாதி.

செல்வி அத்தை, மாலை 6:15
[படம்: எடை இயந்திரத்தின் மேல் பெட்டி, 24.6]
20 கிலோதான் அனுமதி. எதை எடுப்பது?

தேன்மொழி, 6:16
புடவையை. பத்து நாளைக்கு எத்தனை வைத்திருக்கிறாய்?

செல்வி அத்தை, 6:17
பதினெட்டு.

சனி

ராஜு மாமா, காலை 9:40
இறங்கிவிட்டோம். இங்கே மணி 9:40, ஊரில் 7:10 என்று உன் அத்தை ஐந்து முறை சொல்லிவிட்டாள்.

நான், 9:43
குடிநுழைவு முடிந்ததா மாமா?

ராஜு மாமா, 9:58
அவள் போய்விட்டாள். இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தால் எனக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? அப்புறம் ஒரு அதிகாரி வந்து "வாங்க ஐயா" என்று தமிழிலேயே கூப்பிட்டு, ஆள் இருக்கும் மேசைக்கு அழைத்துப் போனார். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தவில்லை, அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

தேன்மொழி, 10:00
முத்திரை கிடையாது அப்பா. எத்தனை நாள் தங்கலாம் என்று மின்னஞ்சலில் வரும், என்னுடைய முகவரிதான் கொடுத்திருக்கிறேன். நான் வெளியே தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

செல்வி அத்தை, 10:31
[படம்: தேன்மொழியின் தோளில் சாய்ந்தபடி அத்தை]
பெட்டி வந்துவிட்டது. மாவடு கசியவில்லை குமாரு. மூன்று பை போட்டது வீண் போகவில்லை.

பெரியப்பா, 10:33
ரொம்ப சந்தோஷம். அது சரி, உப்புக்கண்டத்தை எங்கே வைத்தாய்?

செல்வி அத்தை, 10:35
குமார் வீட்டு ஃபிரிட்ஜில், மேல் தட்டில். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அண்ணி சொன்னார்கள். உங்களுக்கு உப்பு ஆகாதாம்.