சுங்கை சிப்புட், மலேசியா: வாடகைக்கு அரசாங்க உதவி கேட்க எங்கே மனு போடுவது?

லயத்து மருமகள் (கேள்வி)

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். என் கணவர் போன வருடம் மாரடைப்பில் தவறிவிட்டார். வயது 47. செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் இல்லாத குடும்பத்துக்கு வீடு இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாடகை 400 வெள்ளி (ரிங்கிட்).

தொழிற்சாலையில் எனக்கு அடிப்படைச் சம்பளம் 1,700. ஓவர்டைம் கிடைக்கிற மாதம் 2,000-ஐத் தாண்டும், இல்லாத மாதம் பள்ளி வேன்காரரிடம் தவணை சொல்ல வேண்டியிருக்கிறது. வாடகைக்கு அரசாங்கம் பணம் தருகிறது, அதற்கு ஒரு விண்ணப்பப் பாரம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஓர் அலுவலகத்தில் கேட்டதற்கு வேறு முகப்பைக் கைகாட்டினார்கள். அங்கே வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா என்றார்கள். வீட்டுக்காரரோ, "நம்பிக்கையில்தானே வீடு கொடுத்தேன், காகிதம் எதற்கம்மா?" என்கிறார். என் அடையாள அட்டையில் இன்னும் தோட்டத்து முகவரிதான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பழைய கிராணி

தங்கச்சி, தோட்ட ஆபீசில் காலமெல்லாம் செக்ரோல், அதாவது ஆட்களின் பேர்ப் பதிவேடு, எழுதியவன் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு வாடகை ஞாபகமே வரவில்லை, சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்தான் வந்தது. டிராக்டர் ஓட்டியவருக்குக் கட்டாயம் சொக்சோ சந்தா பிடித்திருப்பார்கள். வேலையிடத்து விபத்தில் போனால்தான் பணம் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. 60 வயதுக்குள் நோயில் இறந்தாலும், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால் மனைவி பிள்ளைகளுக்கு மாதாமாதம் வாரிசு ஓய்வூதியம் உண்டு. அது யாரும் போடுகிற பிச்சை இல்லை, அவர் சம்பளத்தில் வெட்டிய காசு. மனு போட்டுவிட்டீர்களா? ஊழியர் சேமநிதியில் யார் பெயரை எழுதி வைத்தார் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது வாடகைக்கு வருகிறேன். சமூக நல இலாகா தருகிற மாதாந்திர உதவிகளில் வாடகைக்கென்று தனியாக ஒன்று கிடையாது. அந்த அக்கா கேள்விப்பட்டது ஸக்காத் (இஸ்லாமிய தர்ம நிதி) வாரியம் முஸ்லிம்களுக்குத் தருகிற உதவியாக இருக்கலாம். உங்களுக்குப் பொருந்துவது பந்துவான் கானாக்-கானாக், அதாவது ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை. ஒரு குடும்பத்துக்கு மாதம் 1,000 வெள்ளி வரைதான் என்று உச்சவரம்பு உண்டு. அந்தப் பணத்தை வாடகைக்குக் கொடுத்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் சேர்ந்தது, ஆகவே கோலகங்சார் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். இ-காசே என்கிற ஏழைக் குடும்பங்களின் பட்டியலிலும் பெயரைப் பதிந்துவிடுங்கள். பல உதவிகளுக்கு அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

அதற்கெல்லாம் முன்னால் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் முகவரியை மாற்றுங்கள். வீடு மாறி 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நம் தோட்டத்து ஆட்கள் பலருக்கு இது தெரியாது. தோட்டத்தில் வாடகையும் இல்லை, வாடகை ரசீதும் இல்லை. அங்கே வாழ்ந்தோம் என்பதற்கு ஆபீஸ் செக்ரோலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

சம்பளச் சீட்டில் கவனம் வேண்டும். பொதுவாக மூன்று மாதச் சீட்டு கேட்பார்கள். தீபாவளிக்கு முன்னால் ஓவர்டைம் குவிந்த மூன்று மாதத்தைக் கொண்டுபோய் நீட்டினால், காகிதத்தில் நீங்கள் வசதியான ஆள். நான் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. ஆறு மாதச் சீட்டையும் கொடுங்கள், அடிப்படைச் சம்பளம் எது, ஓவர்டைம் எது என்று விளக்குங்கள். நாட்டின் வறுமைக்கோட்டு வருமானம் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் குடும்பத்துக்கு 2,589 வெள்ளி. நீங்கள் அதற்குக் கீழேதான் இருக்கிறீர்கள்.

மோட்டார் தம்பி

அக்கா, வீட்டுக்காரர் ஒப்பந்தத்துக்குப் பயப்படுவது வருமான வரியை நினைத்து. செலவு பெரிதில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் 250 வெள்ளிக்கு 1 வெள்ளி முத்திரை வரி. 2025 தொடக்கத்திலிருந்து முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு எடுபட்டுவிட்டது, அப்படியும் உங்கள் 400 வெள்ளி வாடகைக்கு 20 வெள்ளிதான். நகல் ஒன்றுக்கு 10 வெள்ளி. அந்த 30 வெள்ளியை நானே கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் இந்த மாதத்திலிருந்து வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். கணக்கறிக்கையில் மாதாமாதம் பதிவு நிற்கும்.

ஈப்போ வாசகி

பிபிஆர் என்கிற அரசாங்க மலிவு வாடகை வீட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! மாத வாடகை 124 வெள்ளி, மூன்று அறை, 700 சதுர அடி. குடும்ப வருமானம் 3,000-க்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு இருக்கக் கூடாது. வீடமைப்பு அமைச்சின் தெடுஹ் இணையத்தளத்தில் மனு போடலாம்.

ஆனால் 124-ஐக் கேட்டதும் மயங்கிவிடாதீர்கள். காலி வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கிடைக்கும். என் தங்கை அப்படித்தான் குடிபோனாள். வாடகையில் மிச்சமானது மோட்டார் எண்ணெய்க்கும் பள்ளி வேனுக்கும் போய்விடுகிறது, லிப்ட் பழுதானால் மேல்மாடிக்கு அரிசி மூட்டையைத் தோளில் சுமக்கிறாள். மனுவைப் போட்டு வையுங்கள், வீடு வரும்போது இடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

லயத்து மருமகள்

எல்லாருக்கும் நன்றி. கிராணி ஐயா, சொக்சோவுக்கு நான் எதுவுமே போடவில்லை. நோயில் இறந்ததால் கிடைக்காது என்று துக்கத்துக்கு வந்தவர்களே சொல்லிவிட்டார்கள். மாமியாருக்கு 68 வயது, வருமானம் இல்லை. அவருக்கும் ஏதாவது கேட்க முடியுமா?

பழைய கிராணி

முடியும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதியோர் உதவித்தொகை இருக்கிறது, அதே அலுவலகம்தான். அவரையும் கையோடு கூட்டிப் போங்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் கூடவே வாழ்கிறவர்களை மட்டும் சொல்லுங்கள். வெளியூரில் வேலை செய்யும் கொழுந்தன் யாராவது இருந்து, பணம் அனுப்பினால் அதை மறைக்காதீர்கள், அனுப்பாவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.

சொக்சோவுக்கு இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கணவரின் சம்பள விவரத்துக்குத் தோட்ட ஆபீசை நாட வேண்டி வரும். அங்கே இப்போது கிராணி யார்? தனிச் செய்தியில் பெயரை அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.