ஊசி போட்டும் செத்துப்போன மாடு: காட்டோரம் போடலாமா, புதைக்க வேண்டுமா?

ஓடைக்காட்டான்:

வணக்கம். பவானிசாகர் பக்கம், காட்டை ஒட்டிய ஊர் எனக்கு. ஆறு உருப்படி வைத்திருந்தேன். இன்று விடியற்காலையில் ஒன்று போய்விட்டது. சிந்து கலப்பு, மூன்றாவது ஈத்து, கன்று போட்டுப் பதினோரு நாள்தான் ஆகிறது. மடி கல் மாதிரி வீங்கி, பாலில் ரத்தம் கலந்து திரிதிரியாக வந்தது. டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். பக்கத்து ஊரில் ஊசி போடுகிறவரைக் கூப்பிட்டேன். நேற்று மதியம் வந்து போட்டார். சாயங்காலம் எழுந்து நின்று ரெண்டு வாய் சோளத்தட்டுகூடத் தின்றது. தேறிவிட்டது என்று நினைத்துப் படுக்கப் போனேன்.

செத்த மாட்டை டிராக்டரில் கட்டி இழுத்து ஓடைக்கரையில் போடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது காலையில் போட்ட எருது பொழுது சாய்வதற்குள் வெறும் எலும்பாகக் கிடக்குமாம், அத்தனை கழுகு இறங்குமாம். இப்போது போட்டால் ஒரு வாரம் நாறுகிறது, நாய்தான் வருகிறது. எப்போதாவது நாலைந்து கழுகு சுற்றும்.

காலையில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "அண்ணா, வலி ஊசி போட்ட மாட்டை வெளியே போடாதீங்க, கழுகு செத்துப்போகும்" என்கிறான். கொட்டகையைக் கூட்டும்போது ஐந்து காலிக் குப்பி கிடைத்தது. சுண்டுவிரல் நீளம், பழுப்புக் கண்ணாடி, ஒவ்வொன்றும் 3 மில்லி. டைக்ளோஃபெனாக் என்று போட்டிருக்கிறது. ஒரு மாட்டுக்கு எதற்கு ஐந்து குட்டிக் குப்பி? பையன் சொல்வது நிஜமா? ஜேசிபி கூப்பிட்டால் ஒரு மணி நேர வாடகை போய்விடும். வெயில் ஏறுகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

புதைத்துவிடுங்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசுவோம். ஆறடி ஆழம், மேலே சுண்ணாம்பு, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி. மூக்கிலோ ஆசனவாயிலோ கறுத்த ரத்தம் வந்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அப்போது தோலை உரிக்காதீர்கள், அறுக்காதீர்கள், டாக்டருக்கு முதலில் தகவல் சொல்லுங்கள்.

ஐந்து குப்பிக்குக் காரணம் இருக்கிறது. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை மாட்டுக்குப் போடக் கூடாது என்று 2006லேயே தடை வந்துவிட்டது. ஆனால் மனிதர்களுக்கான 30 மில்லி குப்பி மருந்துக் கடையில் கிடைத்துக்கொண்டே இருந்தது. அதை வாங்கி மாட்டுக்கு ஏற்றினார்கள். அதனால் 2015ல், மனிதர்களுக்கும் 3 மில்லி குப்பியில்தான் விற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பெரிய உருப்படிக்குப் போட நினைப்பவன் குட்டிக் குப்பியை ஒவ்வொன்றாக உடைத்துச் சலித்துப்போவான் என்ற கணக்கு. உங்கள் ஆள் சலிக்கவில்லை.

இன்னொன்று. சாயங்காலம் மாடு தட்டு தின்றதே, அது வலி மரத்ததால். மடிநோய் அப்படியேதான் இருந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து போடாமல் வலியை மட்டும் அடக்கினால் இப்படித்தான், மாடும் ஏமாறும், நாமும் ஏமாறுவோம். இனி வலிக்கு என்றால் மெலாக்சிகம் கேளுங்கள், அல்லது டோல்ஃபெனாமிக் அமிலம். மாட்டுக்கும் நல்லது, கழுகுக்கும் ஆபத்தில்லை. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் கூடாது, 2023ல் அதையும் தடை செய்துவிட்டார்கள்.

நீர்மருது:

பையன் சொன்னது நிஜம்தான். கழுகு என்று நாம் சொல்வது பாறு. சங்கப் பாட்டிலேயே இருக்கிற பெயர், நம் வாயிலிருந்துதான் போய்விட்டது.

வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 1992ல் ஆயிரம் இருந்தது என்று வைத்துக்கொண்டால் 2007ல் ஒன்றுதான் மிச்சம். நோய் என்றுதான் முதலில் தேடினார்கள். பாகிஸ்தானில் செத்து விழுந்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டு யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் உறைந்துபோன படிவு அது. காரணம் இந்த மருந்துதான் என்று 2004ல் தெரிந்தது. அழுகின மாட்டைத் தின்று செரிக்கிற வயிறு, இந்த ஒரு மருந்தைத் தாங்கவில்லை.

'நான் ஒருத்தன் போட்டால் என்ன' என்று கேட்க முடியாது. ஒரு மாட்டில் ஒரு கூட்டமே இறங்கும். நூறு சடலத்தில் ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரே முட்டை இடுகிற பறவை எப்படி ஈடுகட்டும்? 2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து எண்ணியபோது எல்லா வகைப் பாறும் சேர்த்து 320தான் இருந்தன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மருது மரத்து உச்சியில் கூடு வைக்கின்றன. உங்கள் ஓடைக்கரை அவற்றுக்குச் சாப்பாட்டு நேரத் தூரம்தான்.

பட்டிக்காரன்:

எல்லாம் சரிங்க. போன வருஷம் என் சினை மாட்டைச் சிறுத்தை அடித்தது. நஷ்ட ஈட்டுக்கு மூன்று முறை நடந்தேன், போட்டோ தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அப்போது எவனும் வரவில்லை. கழுகுக்கு மட்டும் இத்தனை பேர் வருகிறீர்கள். எங்கள் பக்கம் ஒருத்தர் கோபத்தில் சிறுத்தை அடித்த மாட்டின் மேல் பூச்சிக்கொல்லிக் குருணையைத் தூவிவிட்டார். தப்பு என்று அவருக்கும் தெரியும். ஆனால் எதனால் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

நீர்மருது:

அண்ணா, கோபம் நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குருணை சிறுத்தைக்குப் போய்ச் சேர்வது அரிது. மறுநாள் காலையில் முதலில் இறங்குவது பாறும் காக்கையும்தான், அப்புறம் உங்கள் பட்டி நாய். நஷ்ட ஈட்டுக்கு அடுத்த முறை காயம், கால்தடம், மாட்டின் காதுவில்லை எண் மூன்றும் தெரிகிற மாதிரி, சடலத்தை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். மனு எழுத நான் உதவுகிறேன், தனிச்செய்தி போடுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

மருந்து ஏறாத சடலத்தைக் காட்டோரம் போடுவது தப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் புதைத்தால் பாறு என்ன தின்னும்? வயசாகிச் செத்தது, தொத்துநோய் இல்லை, மருந்து போடவில்லை என்றால் அது அவற்றுக்கு விருந்து. ஓடைக்காட்டான், ஒரு நோட்டில் எந்த மாட்டுக்கு என்றைக்கு என்ன ஊசி என்று எழுதி வையுங்கள். பிறகு யோசிக்கவே வேண்டாம்.

ஓடைக்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. புதைத்தாயிற்று. ஜேசிபிக்காரர் தெரிந்தவர், முக்கால் மணி நேரக் கணக்கில் விட்டார். பின்னங்காலில் நாய் ஏற்கெனவே வாய் வைத்திருந்தது, துரத்திவிட்டு மூடினோம். சுண்ணாம்பு ஒரு மூட்டை போட்டோம்.

ஊசி போட்டவருக்குப் போன் செய்து ஐந்து குப்பியைப் பற்றிக் கேட்டேன். "இருபது வருஷமாக இதைத்தான் போடுகிறேன், மாடு உடனே எழுந்து நிற்கும், அப்போதுதான் காசு தருவார்கள்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் மாடு நின்றதைப் பார்த்துத்தானே காசு கொடுத்தேன். மெலாக்சிகம் பெயரைத் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறேன். கடையில் இருந்தால் வாங்குவதாகச் சொன்னார்.

கன்றை இன்னொரு மாட்டில் ஊட்டப் பழக்குகிறேன். ரெண்டு தரம் உதைத்தது. அதற்கு ஏதாவது வழி இருந்தால் தனியாக எழுதுங்கள்.