எரிபொருள் தட்டுப்பாடு வந்தால் அரசியலில் இடதுசாரி, வலதுசாரி என்ற பிரிவு மிஞ்சுமா?

மின்பாதை:
மிஞ்சாது. பொருளாதாரத்தின் விளைச்சலை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்பதுதான் இரண்டுக்கும் இடையே இருந்த சண்டை. விளைச்சல் கூடிக்கொண்டே போகும் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இருந்ததில்லை. இப்போது ஜெர்மனியைப் பாருங்கள். அணுமின் எதிர்ப்பிலும் சூழல் போராட்டத்திலும் வளர்ந்த பசுமைக் கட்சியைச் சேர்ந்த அப்போதைய பொருளாதார அமைச்சர் ராபர்ட் ஹாபெக், 2022-இல் ரஷ்ய எரிவாயு வரத்து குறைந்ததும் கையிருப்பில் நிறுத்திவைத்த நிலக்கரி ஆலைகளைத் திரும்ப ஓட வைத்தார். பின்லாந்துப் பசுமைக் கட்சி அதே ஆண்டு அணுமின்சாரத்தை ஏற்றுக்கொண்டது.

பழையகணக்கு:
ஆபத்துக்கு இடம் மாறி நிற்பது புதிதல்ல நண்பரே. அரபு நாடுகளின் 1973 எண்ணெய்த் தடையின்போது அமெரிக்காவில் எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும், அடுத்த ஆண்டு மணிக்கு 55 மைல் வேக வரம்பிலும் கையெழுத்திட்டவர் வலதுசாரி அதிபர் நிக்சன். 1979-இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தத் தொடங்கியவர் இடப்பக்கம் சாய்ந்த ஜனநாயகக் கட்சியின் அதிபர் கார்ட்டர். தட்டுப்பாடு நீங்கியதும் அவரவர் இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

மின்பாதை:
நீங்கியது எதனால்? அலாஸ்காவிலும் வட கடலிலும் புது எண்ணெய் வந்ததால். அப்படி வராமல் போனால் சொந்தக் கூரை உள்ளவர் ஒரு பக்கம், மின்வாரியக் கம்பியை மட்டும் நம்பியிருப்பவர் மறுபக்கம் என்று அரசியல் பிரியும். 100 வீடுகளில் 40 வீடுகள் சூரியத் தகடு போட்டு வாரியத்திடம் வாங்குவதைப் பாதியாக்கினால், வாரியத்தின் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறையும். கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் செலவு குறையாது. யூனிட்டுக்கு அந்தச் செலவு 25% ஏறும். சுமப்பது பெரும்பாலும் வாடகைக்காரர்.

பழையகணக்கு:
சொத்துள்ளவர், இல்லாதவர். இதைத்தானே இடதுசாரிகள் காலங்காலமாகச் சொல்கிறார்கள்? கம்பிச் செலவை யூனிட்டில் சேர்க்காமல், இணைப்பின் கிலோவாட் அளவுக்கேற்ப நிலைக்கட்டணமாக வாங்குங்கள், சரியாகிவிடும்.

மின்பாதை:
அரைகுறையாகத்தான் சரியாகும். மாதம் 50 யூனிட் எரிப்பவரும் 300 யூனிட் எரிப்பவரும் ஒரே அளவு இணைப்பு வைத்திருந்தால் ஒரே நிலைக்கட்டணம். சிக்கனமாக இருப்பவருக்குத்தான் அடி. 2018-இல் பிரான்சில் மஞ்சள் அங்கி அணிந்து தெருவில் போராடியவர்கள் எரிபொருள் வரியை நீக்கச் சொன்னார்கள், பெரும் பணக்காரர்கள் மீதான செல்வ வரியைத் திரும்பக் கொண்டுவரவும் சொன்னார்கள். அவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத ஊர்க்காரர், மெட்ரோ உள்ள நகரத்தார் என்றுதான் அங்கே பிளவு விழுந்தது.

துணைமின்நிலையம்:
இடையில் ஒரு திருத்தம். கூரைத் தகடு இருந்தால் தப்பித்தோம் என்பது தவறு. தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றி, மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் சாதாரண இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றால் சுமார் 2 வினாடிக்குள் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கான பாதுகாப்பு அது. பேட்டரியும், அதோடு சேர்ந்து தனியாகவும் ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் தேவை, கூடவே வீட்டைக் கம்பியிலிருந்து பிரிக்கும் சுவிட்சும். அதோடு, பற்றாக்குறையில் வெட்டுவது வீடு வீடாக அல்ல, ஃபீடர் ஃபீடராக, அதாவது துணைமின்நிலையத்திலிருந்து பல தெருக்களுக்குப் போகும் ஒவ்வொரு பாதையாக. ஐரோப்பாவில் பற்றாக்குறையால் மின்சாரத்தின் அதிர்வெண் 50-லிருந்து 49 ஹெர்ட்சுக்கு இறங்கினால் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சுகள் தாமாகவே வெட்டத் தொடங்கும். மருத்துவமனை இருக்கும் ஃபீடருக்கு விலக்கு கொடுத்தால், அதே ஃபீடரில் உள்ள மாளிகைக்கும் விலக்கு. உண்மையான அரசியல் அந்த விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

பழையகணக்கு:
பட்டியலை யார் எழுதுவது, வாரியமா சந்தையா? கேள்வி பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

மின்பாதை:
யார் எழுதினாலும் சரி, ஃபீடர் வாரியாக அதை வெளியிடட்டும். விலக்குப் பெற்ற தெருவும் இருளில் கிடக்கும் தெருவும் ஒரே கட்சிக்கு வாக்களித்த தெருக்களாக இருக்கலாம். அடுத்த தேர்தலில் அவை சேர்ந்து நிற்குமா என்பதுதான் என் கேள்வி.