மொறிஸ் மைனர் வான் பொடியை வேற செசியில ஏத்தலாமோ?

பாசையூரான்:
வணக்கம் அண்ணையாக்கள், அப்பான்ர மொறிஸ் மைனர் வான் ஒண்டு வீட்டில நிக்குது. 90களில பெற்றோல் இல்லாத காலம், துளி பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின வண்டி, விக்க மனமில்லை. கனகாலம் மீன்பெட்டி ஏத்தினது, உப்புத்தண்ணி வடிஞ்சு வடிஞ்சு செசி, அதான் அடிச்சட்டம், கறள் பிடிச்சு இத்துப்போச்சு, போன கிழமை பின் ஸ்பிறிங்கின்ர முன்பக்கம் பூட்டுற இடத்தில சுத்தியலால மெல்லத் தட்ட ஓட்டையே விழுந்திட்டுது. மேல இருக்கிற பொடி, அதான் கூடு, நல்லாக் கிடக்குது. இப்ப மொறிஸ் பிக்கப் செசி ஒண்டு கிடைச்சிருக்கு, வீட்டு முத்தத்தில வச்சு மாத்தேலுமோ?

கொக்குவில் அண்ணை:
ஏலும் தம்பி. மைனர் காருக்குத்தான் தனிச் செசி இல்லை, 1953இல வந்த வானுக்கும் பிக்கப்புக்கும் இருக்கு, ரெண்டுக்கும் ஒரே 86 அங்குல வீல்பேஸ் (முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத் தூரம்). புதுச் செசியை மூலைக்கு மூலை குறுக்கால அளந்து பாருங்கோ, ரெண்டு அளவும் ஒண்டா வராட்டி அது எங்கயோ அடிபட்டு வளைஞ்சது, வாங்காதீங்கோ. பொடியைத் தூக்கமுதல் கதவு வாசலுக்குக் குறுக்கால ஆங்கிள் இரும்பு வெல்ட் பண்ணுங்கோ, பற்றரியைக் கழட்டிப்போட்டு. நான் ஒரு பிக்கப்புக்கு இதைச் செய்யாமத் தூக்கி, இறக்கினாப் பிறகு ஒரு கதவு பூட்டவே இல்லை, நேராக்க மூண்டு கிழமை போச்சு. ஸ்ரேறிங், பிறேக் பைப், வயர், கான்ட்பிறேக் கேபிள் எல்லாம் கழட்டினதோ எண்டு ரெண்டு தரம் பாத்திட்டு நாலு மூலையிலயும் ஜக் வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா உயத்தி, பரலுக்கு மேல பனந் தீராந்தி போட்டுப் பொடியை அதில இருத்திப்போட்டு செசியை உருட்டி எடுக்கலாம். ஜக்கை மட்டும் நம்பி ஒருத்தரும் கீழ பூரக்கூடாது.

வடமராட்சி:
வேலை தொடங்கமுதல் வானின்ர பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கோ. அதில பழைய செசி நம்பர்தானே கிடக்கும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில கேட்டிட்டுச் செய்யுங்கோ. பிக்கப்பின்ர புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கோ. பழைய நம்பரை வெட்டிப் புதுசில ஒட்டித்தாறன் எண்டு ஆரும் சொன்னா விடாதீங்கோ, அது குற்றம்.

பாசையூரான்:
நன்றி அண்ணை. கதவு இடைவெளி இப்பதான் அளந்தன், பின்பக்கம் மேல 5 மில்லிமீற்றர், கீழ 9. ஏற்கனவே தொங்கிட்டுதோ?

கொக்குவில் அண்ணை:
ஓம், நடுச் செசி இறங்கியிருக்கு. இப்பிடியே ஆங்கிள் அடிச்சா அந்தக் கோணலோடதான் பொடி நிக்கும். நடுவில ஜக் குடுத்து மெல்ல உயத்துங்கோ, மேலயும் கீழயும் ஒண்டா வந்தாப் பிறகு வெல்ட் பண்ணுங்கோ.