நாகர்கோவில் பக்கம் சிபிசிடி ஸ்கேன் (பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எங்கே எடுக்கலாம்?

தக்கலையில் இருந்து எழுதுகிறேன். தங்கைக்குப் பள்ளி நாளில் சைக்கிளில் இருந்து விழுந்து முன்பல்லில் அடிபட்டது. ரத்தம் நின்றதும் மறந்துவிட்டோம். இப்போது அந்தப் பல்லில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி. வலி துளியும் இல்லை. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், இது சொத்தை இல்லை, பல்லை உடம்பே கரைக்கிறது என்றார். (நாங்கள் பாவம், ஏத்தங்காய் சிப்ஸைத் திட்டிக்கொண்டிருந்தோம்.) உள்ளே இருந்து கரைந்தால் வேர் சிகிச்சை செய்து உள்திசுவை எடுத்தாலே நின்றுவிடுமாம். ஈறோரம் வெளியே இருந்து என்றால் ஈறைத் திறந்து, சுரண்டி, அடைக்க வேண்டிவரும். எது என்று தெரியத்தான் இந்த ஸ்கேன். எவ்வளவு ஆகும்? இல்லை, நேரே திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கே போய்விடலாமா? இப்படிப் பல்லைக் காப்பாற்றியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பிடுங்கிவிடு என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.